பட்டியலில் இல்லாதவை

செல்லூரில் ஜப்தி செய்த வீட்டில்
கண்ணாடித் தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று
என்று எழுதிக்கொண்டேன்.
உள்ளிருந்த இரண்டு ஆமைகளுக்கு
என்ன விலை போடுவதென்று தெரியாமல் விட்டேன்.
வாளித் தண்ணீரில், என் டிவிஎஸ்ஸில்,
தண்ணீரில்லாத வைகையைத் தாண்டின.

வில்லாபுரத்தில் வாசலை மறித்தாள் ஜெஸிந்தா.
"ஆமை புகுந்த வீடும்..."
மீதியைச் சொல்லவில்லை.
அமீனாவைக் கட்டிப்
பதினேழு வருசம் ஆகிறது.

முனிச்சாலையில் மூன்றடித் தொட்டி, தவணையில்.
குளோரின் நெடி போக
குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்க
அண்டாவில் திறந்து வைத்தேன்.
விழுங்க முடியாத கற்களாய்ப் பொறுக்கி அடியில்.
ஏறி ஓடு காய ஒரு செங்கல், சாய்த்து.
மேலே குண்டு பல்பு.

முதல்நாளே கரண்ட் போயிற்று.
பேசினோடு அவள்தான் தூக்கிப்போனாள்
மொட்டைமாடிக்கு, எட்டு மணி வெயிலுக்கு.
பெரியது கழுத்தை நீட்டி
பின்காலைப் பரப்பிக் கிடந்தது,
யாருக்கும் எதுவும் பாக்கியில்லாததுபோல.

"யாரு வீட்டுதுக்கா?" என்றது எதிர்மாடி.
ஜெஸிந்தா என்னைப் பார்த்தாள்.

பழைய தொட்டியின் மூடியிலிருந்து
உரித்துவந்த சீட்டு என் சட்டைப்பையில்.
பென்சிலில், கோணல் எழுத்தில்:
திங்கள், வியாழன் கீரை.
ஞாயிறு ஒண்ணும் போடாதே, அழுதாலும்.

இன்று திங்கள்.