பதினேழாம் எண் கோட்டு

பூக்கடைக்கு மேலே, மாடியில்,
கதகதப்பை வாடகைக்கு விடுகிறேன்.
பிரிக்ஃபீல்ட்ஸில் அது
வாசலிலேயே சும்மா கிடைக்கிறது,
ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள்.
கோட்டு, பூட்ஸ், இரட்டைக் கையுறை.
நாளுக்குப் பன்னிரண்டு ரிங்கிட்,
முன்பணம் இருநூறு.

தெய்வசிகாமணி வந்தது மே மாதம்.
புடு சந்தைக்குப் பின்னால் ஐஸ் ஆலையில்
முப்பத்தோரு வருடம்.
முழங்கையில் கொக்கித் தழும்பு.
"யாரும் செய்யாத ஐஸைப் பார்க்கணும், தங்கச்சி."
ஐம்பத்திரண்டு பேர் போகும் சின்னக் கப்பலாம்.
நார்வேயின் மலை இடுக்குகளுக்குள் நுழைந்து
அங்கிருந்து மேலே, இன்னும் மேலே,
வரைபடத்தின் விளிம்பில்
விரல் வைக்க இடமில்லாத தீவுகள் வரை.
மகளுக்குச் சொல்லாமல் எடுத்த சேமநிதிப் பணம்.

கண்ணாடி முன் நிறுத்தினேன்.
இரண்டு நிமிடத்தில் பிடரி வேர்த்தது.
"போறதுக்குள்ள நானே உருகிடுவேன் போல."

ஐந்து வாரம் கழித்து, கொட்டும் மழையில்
பிளாஸ்டிக் பையோடு படியேறினார்.
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது. மணி ஆறு,
டியூஷன் வாசலில் மகன் நிற்பான்.

கரடி?
பார்த்தாராம், தொலைநோக்கியில்.
"வெண்ணெய் நிறத்துல ஒரு புள்ளி.
நகர்ந்தா கரடி, நகரலேன்னா கல்லு.
முக்கால் மணி நேரம்
கல்லைத்தான் கும்பிட்டுக்கிட்டு நின்னோம்."

சூரியன் இறங்கவே இல்லையாம்.
கடன்காரன் மாதிரி
கப்பலையே சுற்றிச் சுற்றி வந்ததாம்.
இரவு மாத்திரை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்
என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.
இரவு எங்கே?
கோலாலம்பூர் நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு
இங்கே இருட்டும்போது அங்கே விழுங்கினாராம்,
வெயிலைப் பார்த்தபடி.

பிறகு குரல் தாழ்ந்தது.
பனியாறு ஒன்றின் முகத்துக்கு எதிரே
ரப்பர் படகில் பத்துப் பேர்.
இஞ்சினை அணைத்துவிட்டார்கள்.
சுற்றிலும் மிதந்த துண்டுகள் வெடித்தன,
காய்ந்த எண்ணெயில் கடுகு போல.
உள்ளே அடைபட்ட பழங்காற்று
வெளியே வருகிறது என்றாளாம் வழிகாட்டிப் பெண்.
எவ்வளவு பழசு?
அதை அவள் சரியாகச் சொல்லவில்லை.
"முப்பத்தோரு வருஷம் அறுத்தேன், தூக்கினேன், வித்தேன்.
ஒரு கட்டிகூட என்கிட்ட
வாயைத் திறந்ததில்லை."
அங்கே அழுதிருக்கிறார்.
மூக்குக்கண்ணாடியில் கடல்தண்ணீர் தெறித்ததாகச்
சமாளித்திருக்கிறார்.

கோட்டைப் புரட்டினேன். ஜிப்பில் ஒரு பல் இல்லை.
பத்து ரிங்கிட் பிடித்தேன்.
பிடித்துக்கொள் என்றார்.

பாக்கெட்டில் கைவிட்டேன், வழக்கம்போல.
திரும்பி வருகிற கோட்டுகளில்
கசங்கிய டிஷ்யூ, ரசீது,
பாதி சப்பிய இஞ்சி மிட்டாய் இருக்கும்.
இதில் தையல் ஓரம் வரை ஒன்றுமில்லை.

"அதை அவங்க உறிஞ்சிட்டாங்க."
கரையில் கால் வைக்குமுன்
ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வேக்குவம்,
பூட்ஸ் அடிக்குத் தூரிகை.
வெளியூர் விதை எதுவும்
அந்த மண்ணைத் தொடக்கூடாதாம்.
என் பதினேழாம் எண்ணில் அகப்பட்டவை:
முறுக்குத் தூள், அதில் நாலு ஓமம்,
ஒட்டுப்புல் விதை ஒன்று.
வெள்ளைத் தாளில் தட்டி
எல்லோருக்கும் காட்டினார்களாம்.
"மானமே போச்சு.
நான் முறுக்கு தின்னே ஆறு வருஷம், பல்லு ஏது?"

நான் வாய் திறக்கவில்லை.
கல்லாவுக்குக் கீழே என் முறுக்கு டப்பா.
பின்சந்தில் புல் மண்டிய இடத்தில்தான்
கோட்டுகளை உலர்த்துகிறேன்.

ஈப்போவுக்கு வடக்கே நான் போனதில்லை.
என் ஓமம் போயிருக்கிறது,
எழுபத்தொன்பதாவது பாகை வரை.
இறங்க விடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு கல்லூரிப் பெண்
அதே கோட்டைத் தெற்கே, நியூசிலாந்துக்கு எடுத்துப் போனாள்.
கொடுக்குமுன் பாக்கெட்டை வெளியே இழுத்து
இரண்டு முறை உதறினேன்.
என்ன தேடுறீங்க என்றாள்.

முறுக்கைக் கடிக்கும்போது இப்போதெல்லாம்
இடது உள்ளங்கையைக்
கீழே ஏந்திக்கொள்கிறேன்.