பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஆயர் ராஜா கிரசென்ட், ஆறாவது மாடி.
இரவு பத்தே முக்கால்.
கட்டடம் குளிர்சாதனத்தை எட்டுக்கே நிறுத்திவிட்டது.
மேக்கில் பில்டு பச்சை.
விண்டோஸில் பச்சை.
லினக்ஸில் மட்டும் சிவப்பு:
அப்படி ஒரு கோப்பு இல்லை.

இருக்கிறது.
கெர்னல் கோப்புறையைத் திறந்து பார்க்கிறேன்,
நாற்பத்தொன்றில் முப்பதாவதாக
இருக்கிறது,
அணிகளைப் பெருக்கும் முந்நூறு வரி,
ஜிபியுவின் ஆயிரம் இழைகளுக்கு
ஒரே மூச்சில் சொல்லும் ஒரே கட்டளை.

பட்டியலைக் கையால்தான் எழுதுவாள் ஹஸ்லிண்டா.
நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக அள்ளிக்கொள் என்றால்
அள்ளினால் குப்பையும் வரும் என்பாள்.
என்விடியாவுக்கு ஒரு பட்டியல்,
ஏஎம்டிக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று.
யாராக இருந்தாலும்
பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

இருபது நிமிடம் கழித்துக் கண்ணில் பட்டது.
பட்டியலில் முதலெழுத்து பெரியது.
வட்டில் சின்னது.
மேக்கும் விண்டோஸும் இதைக் கண்டுகொள்வதில்லை,
முகம் தெரிந்தால் கையசைத்து விட்டுவிடும்
புளோக் காவலாளி மாதிரி.
லினக்ஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தமிழில் பெரிய எழுத்தும் இல்லை சின்ன எழுத்தும் இல்லை,
அரசனுக்கும் அரிசிக்கும் ஒரே அ,
இந்தப் பிழை எங்களுக்கு வரவே வராது என்று
அவளிடம் பீற்ற வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
எங்களிடம் வேறு வம்பு இருக்கிறது.
ல, ள, ழ.

அடையாள அட்டையில்
இசட்டும் எச்சும் சேர்ந்து
என் ழகரமாக நடிக்கின்றன.
வங்கியில் எல்.
சம்பளச் சீட்டில் இரண்டு எல்.
பாலிகிளினிக்கில் 'குசாலி' என்றால்
எழுந்து போகிறேன்.
ஒருமுறை சாங்கியில்
பயணச்சீட்டில் ஒருத்தியும் கடப்பிதழில் ஒருத்தியுமாக
முப்பத்தைந்து நிமிடம்
பையைத் தோள் மாற்றிப் போட்டபடி நின்றேன்.
அப்படி ஒரு பயணி இல்லை
என்றது திரை.

மூன்று பட்டியலைத் திருத்துவதைவிட
ஒரு கோப்பின் பெயரை மாற்றுவது லேசு.
ஆனால் முதலெழுத்தை மட்டும் மாற்றினால்
மாறியதாகவே நம்பாது மேக்.
இடையில் வேறொரு பெயர் வேண்டும், எதுவானாலும் சரி,
அடுத்த நொடி அழியப்போவதுதானே.
விசைப்பலகையைத் தமிழுக்குத் திருப்பி
குழலி என்று தட்டினேன்.

கோப்புறை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
அகரவரிசையில் கடைசிக்குப் போய்
நின்றது பெயர், ழகரம் ழகரமாகவே.
"அது என்ன?" என்றாள் ஹஸ்லிண்டா.
"தற்காலிகம்" என்றேன்.
அவசரப்படாமல்
இரண்டாவது கட்டளையைத் தட்டினேன்.

லினக்ஸ் எண்ணத் தொடங்கியது.
முப்பதில் இருவரும் பேசவில்லை.
தாண்டியது.
முப்பத்தாறில் நின்றது,
இது வேறு பிழை.
ஹஸ்லிண்டா தன் தண்ணீர் பாட்டிலை
என் பக்கம் தள்ளினாள்.