தோற்றவனுக்கும் ஒரு புள்ளி

செலாயாங் மொத்தச் சந்தைக்குப் பின்னால்
மைனஸ் பதினெட்டில்
இரவெல்லாம் மீன்பெட்டி அடுக்கிவிட்டு
ஏழரைக்கு வெளியே வந்தால்
மூக்குக்கண்ணாடிக்கு வேர்த்துவிடும்.
இங்கே காலை எட்டு, அங்கே இரவு ஏழு.
ரஹ்மத் கடையில் ரொட்டி ஒன்று, தே ஓ ஒன்று,
சோயா பாட்டிலில் சாய்த்துவைத்த கைப்பேசி.
வட்டு விழுகிறது.

"பந்தே தெரியலயேடா, எதப் பாத்துக் கத்துற?"
என்பான் தயாளன்.
பந்தில்லை என்று சொல்லி அலுத்துவிட்டது.
வட்டைத் தேடாதே தயா, தோள்களைப் பார்.
வட்டு போகப்போகும் பக்கம்
தோள் முதலில் பொய் சொல்லும்.

பயிற்சியாளரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
சரி, கேட்டுவிட்டீர்கள்.
எதிராளி ஒருவன் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்க
நால்வரை எதிர்த்து நாம் ஐவர்
முழுசாய் இரண்டு நிமிடம்.
நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்?
கல்யாண வீட்டு மேடையடியில்
மொய்க்கவரை ஒருவர் கையில் ஒருவர் திணிப்பதுபோல்
நீ குடு, அட நீயே குடு என்று
சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டு.
அடிங்கடா!
பக்கத்து மேசைப் பெரியவர்
தன்னைத்தானோ என்று நிமிர்ந்து பார்க்கிறார்.

முப்பத்தைந்தாம் எண் காவலனை
விற்கப்போவதாய்ப் பேச்சு.
விற்கட்டும், பிறகு தெரியும்.
ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அவன்
வலைமேல் இருக்கும் பாட்டிலை எடுத்து
ஒரு மடக்குக் குடித்து
அதே இடத்தில் வைக்கிறான்.
அறைக்கதவை நான் சரியாகச் சாத்தாமல்
முந்நூறு கிலோ இறால் வீணான அன்று
ஆ ஹெங் முதலாளிமுன்
எனக்கும் அப்படி நிற்கத் தெரிந்திருந்தால்.

சண்டையைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு
அடித்துக்கொள்கிறார்களே, அந்த நாகரிகம் பிடிக்கும்.

பனியில் நான் நின்றது ஒரேயொரு முறை,
பேரங்காடி ஒன்றில், முப்பது வெள்ளி டிக்கெட்.
பிளாஸ்டிக் பெங்குவினைத் தள்ளிக்கொண்டு
ஆறு வயதுச் சிறுமி என்னை முந்தினாள்,
திரும்பி வந்து
மறுபடி முந்தினாள்.

கூடுதல் நேரத்தில் தோற்றவனுக்கும்
ஒரு புள்ளி கொடுக்கிறார்கள்.
முதலில் சிரித்தேன்,
எதற்கு, பரீட்சைக்கு வந்ததற்கா?
டிசம்பரில் மட்டும் ஆறு முறை அப்படித் தோற்றோம்.
பாதிப் பருவம் தாண்டிய பட்டியலில்
கடைசி இடத்துக்கு ஒருபடி மேலே எங்களைத் தொங்கவிட்டிருப்பது
அந்த ஆறுதான்.
இப்போது சிரிப்பதில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள்
ஜாலான் ஈப்போ ஓரம் தண்ணீர்ப் பந்தல்.
பனிக்கட்டி என் பொறுப்பு, வேறு யார் பொறுப்பு?
ஒரு காதில் உறுமி, மறு காதில் மூன்றாம் பகுதி,
மூன்றுக்கு மூன்று.
நெட்வொர்க் வந்து வந்து போகிறது.
லாரியிலிருந்து இறக்கும்போது
ஜெகாவின் கை நழுவி
பாளம் ஒன்று
ஈரத் தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது,
நேராக மோர்ப் பானைகளை நோக்கி.

யோசிக்கவில்லை.
இடதுமுழங்கால் தரையில்,
வலதுகால் நீண்டு,
சப்பாத்தின் பக்கவாட்டில் வந்து மோதி
நின்றது.

"கால் போச்சாடா?" ஓடி வந்தான் தயாளன்.
உறுமிக்காரர்கள் நிறுத்தவில்லை.
காதுக்குள் நெட்வொர்க் திரும்பி
யாரோ ஒருவன் கோல் என்று அலறுகிறான்,
நம் ஆள் குரலில்லை.

"என்னாச்சு?"
"ஒரு புள்ளி" என்றேன்.
தயாளன் என் முழங்காலைப் பார்த்தான், பாளத்தைப் பார்த்தான்.
"சுத்தியல் எங்க வச்ச?"
லாரிக்கு அடியில் கையைக் காட்டிவிட்டு
கொஞ்ச நேரம்
அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
வலைக்குமுன் இருப்பவனைப்போல.