மினுக்கத்தின் கோணம்

பகலில் நான் எலும்புகளைப் படம் எடுக்கிறவள்.
எலும்பு நல்ல பிள்ளை.
அசையாதே என்றால் அசையாது,
மினுங்காது.

இந்த அட்டை அப்படியில்லை.
கையில் சரித்துப் பிடித்தால்
பனிக்கழுகின் சிறகில் ஏழு நிறமும் ஓடும்.
ஸ்கேனரில் குப்புறக் கிடத்தினால்
கரி பூசிய தகரம்.
மூன்று இரவாக இதே கூத்து.

பிரணவன் இதை விற்கப் போகிறான்.
நானூறு டொலர்,
வெப்ப அடுப்புத் திருத்தக் காசு.
ஹாலிஃபாக்ஸில் ஒருவர் கேட்டிருக்கிறார்,
"தெளிவான படம் அனுப்பும்."

எங்கள் புது ஸ்கேனர் மெல்லிசு.
அதன் பார்வையும் மெல்லிசு,
கண்ணாடியில் ஒட்டியதை மட்டும் காணும்,
ஒரு தகடு விலகினால் ஆளையே மறந்துவிடும்.
ஆகவே ரெஜைனாவின் பழம்பொருள் கடையொன்றில்
எட்டு டொலருக்கு ஒரு கிழட்டு ஸ்கேனர்.
அம்மிக் கனம். உள்ளே உண்மையான லென்ஸ்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
சால்வை சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
பக்கத்தில் இருந்த பெண்
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்,
பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

இந்த ஊர்க் குளிர்காற்றில் சொட்டு ஈரமில்லை.
துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மின்னேறி
வீட்டுத் தூசியையெல்லாம்
பேர் சொல்லிக் கூப்பிடுகிறது.
கேத்திலைக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்துவைத்தேன்.
அறை கொஞ்சம் அடங்கியது.

பிறகு உறையைக் கழற்றினேன்.
விளக்குகளை அணைத்தேன்.
ஸ்கேனரின் ஒளி சாய்வாக விழுகிறது,
மினுக்கம் அதை வாங்கி
வேறெங்கோ எறிந்துவிடுகிறது.
கருப்பு என்பது நிறமல்ல,
விலாசம் தவறிய வெளிச்சம்.
ஆகவே அட்டையின் ஒரு விளிம்பின் கீழ்
ஒரேயொரு டொலர்க் காசு.
காசிலிருந்த நீர்ப்பறவை
கழுகின் ஒரு தோளை மெல்லத் தூக்கியது.

ஓடியது விளக்கு, மாடு உழுகிற வேகத்தில்.

திரையில்
சிறகு பற்றி எரிந்தது.
பச்சை, ஊதா, பச்சை.
கூவிவிட்டேன். பிரணவன் பல்துலக்கும் வாயோடு ஓடிவந்தான்.

அப்போதுதான் கண்டோம்,
அலகிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு.

மயிர்தான் என்றான்.
மயிர்தான் என்றேன் நானும்.
மூன்று முறை துடைத்தேன். கோடு போகவில்லை.

அட்டையைத் தொண்ணூறு பாகை திருப்பி
இன்னொரு படம் எடுத்தேன்.
கோடு நின்ற இடத்திலேயே நின்றால் கண்ணாடியின் குற்றம்.
அட்டையோடு கூடத் திரும்பினால்
அட்டையின் காயம்.

திரும்பியது.

பன்னிரண்டு வயதில் வாங்கியதாம்.
ஒருநாளும் கீறவில்லையாம்.
கறுத்திருந்த முதல் படத்தைத் திறந்து காட்டுகிறான்,
"இதுவும் வடிவாத்தானே இருக்கு?"

மணிக்கட்டு முறிந்தவர்களும்
இப்படித்தான் என்னிடம் சொல்வார்கள்,
லேசான வீக்கம் மட்டும்தான் மிஸ்.

ஒன்றும் பேசாமல்
இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
ஒன்றில் இருண்டதை மற்றதில் எடுத்து நிரப்பினேன்.
கழுகு முழுசாய் வந்தது, கோட்டோடு.
நானூறு போச்சு. இருநூற்றைம்பது தேறலாம்.
அனுப்பும் பொத்தானை அவனிடம் விட்டுவிட்டுத்
தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது
அவன் தன் உள்ளங்கையைக்
கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.
திரையில் ரேகையெல்லாம் துல்லியம்.
கல்யாண மோதிரம் மட்டும்
கரிக் கருப்பு.

"காசு வைக்க வேணும்," என்றேன்.
"எந்தப் பக்கம்?" என்றான்.