பதினைந்து மீட்டர்

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால், லாரிகள் நிற்கிற சிமெண்டுத் தரையில்
சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்தேன்.
டேப் பிடித்து அளந்தது அக்கா.
என் காலடிக் கணக்கை அவள் நம்புவதில்லை.

பீட்டர்ஹெட், காலை ஐந்தரை.
கடலும் வானமும் நனைந்த ஒரே கம்பளி.
என் கையில் போன். அது பீப் என்றால்
அவள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போயிருக்க வேண்டும்.
முதலில் பொறுமையாகத்தான் கேட்கும்.
நிமிடத்துக்கு நிமிடம் நெருக்கும்
கடன்காரன் மாதிரி.

கிர்ஸ்டீனுக்கு முப்பத்தாறு.
ஒன்பது வருடம் கானாங்கெளுத்தி அறுத்த தோள் இரும்பு,
முட்டிதான் நொறுங்கிய பிஸ்கட்.
முதல் வாரம் மூன்றாம் நிலையிலேயே வாந்தி.
கடற்புறாக்கள் மட்டும் சந்தோஷப்பட்டன.
பயிற்சிப் பள்ளியில் சேர ஐந்தாம் நிலை, நான்காவது ஓட்டம்.
சேர்ந்தபிறகு இதைவிட மோசம் என்கிறார்கள்.

ஓட்டம் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
இரண்டு வருடம் முன்பு
தோளில் செம்புக் கம்பிச் சுருளோடு
இதே துறைமுகச் சந்துகளில் ஓடியவன் நான்.
சுருளைப் போட்டேன். வேலி தாண்டினேன்.
திரும்பினால் ஒரே ஒருத்தி,
குட்டையாக, பீட்ரூட் முகத்தோடு,
கனத்த பூட்ஸ் தடதடக்க.
கடைசிச் சுவரில் என் விலா குத்தி உட்கார்ந்துவிட்டேன்.
அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
கைது வாசகம் சொல்ல வேண்டும், மூச்சு வரவில்லை.
ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்:
இரு.
நான் இருந்தேன்.
பிறகு காரில் ஏற்றும்போது
கதவின் மேல்விளிம்பு இடிக்காமல்
என் உச்சந்தலையில் உள்ளங்கை வைத்தாள்.

இதைச் சிறையில், பார்வையாளர் மேசையில்,
வேடிக்கையாகத்தான் அக்காவிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அவளுக்கு என்ன வயசிருக்கும்?" என்றாள்.
அடுத்த முறை வந்தபோது
அவள் கோட்டில் சிகரெட் வாடை இல்லை.

"நின்னு திரும்பாதே, ஸ்பீடு செத்துடும்.
இடுப்பை இறக்கு. காலைப் பக்கவாட்டா வை.
கோட்டை மிதிச்சதும் உதை."
எந்தப் போலீஸும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை இதை.
அவர்களிடமிருந்து ஓடிக் கற்றது.

விண்ணப்பத்தில் குடும்பத்தார் பற்றி ஒரு பகுதி உண்டு.
என் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்.
நேர்காணலில் கேட்பார்களாம்.
அதற்கும் இங்கேயே பயிற்சி:
போகும்போது நான் கேட்க வேண்டும்,
"ஸ்ட்ரூவன் பெயர்ட் உங்களுக்கு யார்?"
வரும்போது, பீப்புக்குள்,
நாக்குத் தள்ள அவள் சொல்ல வேண்டும்:
"என் தம்பி."
பீப்.
"என்ன செய்தான்?"
"திருடினான்."
பீப்.
"இப்போது?"
இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பதில்.
நேற்று, "ஐஸ் பெட்டி தூக்குகிறான்."
இன்று மூச்சில்லாமல் என்னைக் கைநீட்டிக் காட்டினாள்.

ஐந்தாம் நிலை, இரண்டாவது ஓட்டம்.
தொடை நடுங்கக் குனிந்து நின்றுவிட்டாள்.
இன்னும் இரண்டு. வியாழக்கிழமை டெஸ்ட்.
நான் போனை அணைத்தேன்.
ஆனாலும் பீப், பீப், பீப்.
அவள் கால் தானாகக் கிளம்பியது, நாலு அடி ஓடியே விட்டாள்.
பார்த்தால், நார்வே லாரி ஒன்று ரிவர்ஸில் வருகிறது.

ஓரமாக நின்று முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
அடுத்தடுத்து ஈரச் சக்கரங்கள்
எங்கள் இரண்டு கோட்டையும் துடைத்துக்கொண்டு போயின.
"டேப்பை வீட்டில் வைத்துவிடாதே" என்றாள்.
என் பாக்கெட்டில் சாக்பீஸ் பாதி மீதமிருந்தது.