தொப்பிக்காரச் சாமி

ஆறாம் நம்பர் லயத்தில் கோடிக் காம்பிரா.
முனியாண்டிக்கு இடப்பக்கம் ஒரு படம்.
முறம் அகலத் தொப்பி,
கன்னத்தில் இறங்கிய மீசை,
மார்பில் குறுக்கும் மறுக்குமாய்த் தோட்டா மாலை.
குங்குமம் வைத்து வைத்து
நெற்றி இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது.

மெக்சிகோக்காரர் என்று சொன்னால்
பூசாரி சடையப்பனுக்குக் கோபம் வரும்.
நம்ம மலையிலே நிற்கிறவர் நம்ம சாமிதான்,
சுருட்டும் சாராயமும் கேட்கிறாரே, போதாதா?

அடைக்கலம் கொண்டுவந்த படம் அது.
சங்கத்துக் கந்தோரில் சந்தாப் பற்றுச்சீட்டுகளுக்கு அடியில்
கிடந்த சஞ்சிகையிலிருந்து கிழித்தது.
ரேஷன் மா புளித்துப்போன வருஷம்.
இரவில் குப்பி லாம்பு வைத்து
எழுத்துக் கூட்டி வாசித்தானாம்:
அங்கே பண்ணைக் காடு எரிந்தது,
அடிமைக் கணக்குப் புத்தகமும் எரிந்தது,
உழுதவனுக்கே நிலம் என்றார்கள்.

மூக்காயி கேட்டாளாம்
(அப்போது பத்தொன்பது வயது,
வாயில் வெற்றிலை, இடுப்பில் படங்குச் சாக்கு):
நாங்க உழுகிறதில்லையே.
பறிக்கிறவளுக்கு என்ன?

அடைக்கலம் தாளைத் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் சைக்கிள் விளம்பரம்.

பதில் இல்லாமலே வேலைநிறுத்தம் தொடங்கியது.
நாற்பத்தொரு நாள்.
பிரட்டுக்களத்தில் நாய் படுத்திருந்தது.
கொழுந்து முற்றிக் கையகல இலையானது.
பலாக்கொட்டை, காட்டுக்கீரை,
பிறகு வெறும் சாயத்தண்ணி.
நாற்பத்திரண்டாம் நாள் ஜீப் வந்தது.
அடைக்கலத்தின் ஒரு செருப்பு
மடுவத்து வாசலில் கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.
மற்றதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி படத்தை ஒளிக்க இடமில்லை.
சாமி மாடத்தில் ஒட்டிக்
குங்குமம் இட்டவள் மூக்காயி.
சோதனை போட வந்தவன்
தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

பின்பு தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.
வெள்ளைத்துரை போனார்.
பங்களாவுக்குப் புதுப் பெயின்ட்.
அதே சங்கு, அதே ஆறரை மணி,
அதே அரைப்பேர்.
கறுப்பாய் ஒருவர் இறங்கி வந்தபோது
சலாம் போட்ட கைகளுக்கு
வித்தியாசம் தெரியவில்லை.

மூக்காயி தலைமன்னாரில் கப்பல் ஏறினாள்.
கூடலூரிலிருந்து ஒரு கடிதம்:
இங்கேயும் கொழுந்துதான். குளிர் கொஞ்சம் குறைவு.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.
பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர்.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு என்று
தராசுக்காரன் கழிப்பான்.
ஏழு பேர்ச்சஸ் நிலம், உறுதி, சொந்த வீடு என்று
தேர்தலுக்குத் தேர்தல் ஒரு லொறி
ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஏறி வரும்,
இறங்கும்போது பாட்டு மட்டும் போடும்.

மகளின் போனில் மெக்சிகோவைத் தேடிப் பார்த்தேன்.
புரட்சி என்பதையே கட்சிப் பெயரில் எழுதிக்கொண்டு
எழுபது வருஷம் ஆண்டார்களாம்.
தெருவுக்குத் தெரு சிலை, சிலைக்கெல்லாம் தொப்பி.
பேரப்பிள்ளைகளோ எல்லை தாண்டிப் போய்
தக்காளி பறிக்கிறார்கள்,
வாளிக் கணக்குக்கு.
ஒருத்தி முதுகை நிமிர்த்தி
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் பார்த்தேன்.
எட்டாம் மலை வளைவில்
மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தி
அந்த ஊர்ச் செடியாம்.
பசளைக்கென்று வெட்டி வெட்டித்
தேயிலைக்கு அடியில் போடுகிறோம்.
இதைக் கேட்டு அழகாய் எதாவது சொல்லத் தோன்றும்.
சொல்லமாட்டேன்.
வெட்டினால் கை அரிக்கும், அதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆடி வெள்ளியன்று
தொப்பிக்காரருக்குப் படையல் வைத்தோம்.
கூட்டம் கலைந்ததும் தனியாய் நின்று கேட்டேன்:
பறிக்கிறவளுக்கு என்ன?

நெற்றி ஓட்டை வழியே
சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு அவர் முன்னால் இருந்த சுருட்டை எடுத்து
விளக்கிலே பற்றவைத்துக்கொண்டு
படியில் உட்கார்ந்தேன்.
நாளைக்கு மடுவத்தில்
தராசைத் திருப்பி வைத்து
நாங்களே நிறுத்துப் பார்ப்பதென்று
பத்துப் பேர் பேசி வைத்திருக்கிறோம்.

முதல் இழுப்பிலேயே இருமல் வந்தது.