நரம்பா, பின்னலா

"கல்லுல போடுவியா, மணல்லயா?"
என்றார் இதிரீஸ், பில் புத்தகத்தை மூடாமல்.
கல்தான் என்றேன்.
எண்ணூர் விரைவுச்சாலையோரம்
வீடுகளைக் கடல் தின்னாமலிருக்கக் கொட்டிய கருங்கல்.
அரசாங்கக் காகிதத்தில் அதற்குத்
தூண்டில் வளைவு என்று பேர்.
வளைவை அவர்கள் போட்டார்கள்.
தூண்டிலை நாங்கள் போடுகிறோம்.

மேஜைமேல் இரண்டு உருளை.
ஒன்று நரம்பு:
ஒற்றை இழை, தண்ணீருக்குள் தண்ணீர்,
நூறு மீட்டர் தொண்ணூறு ரூபாய்.
மற்றது பின்னல்:
எட்டு இழை முறுக்கிய பாசிப்பச்சை,
அதே நூறு மீட்டர் அறுநூற்று ஐம்பது.
இழுத்துப் பார்க்க விரலில் சுற்றினேன்.
"சுத்தாத மா, அறுக்கும்."

தெரியும்.
கிளாட்சனின் ஆள்காட்டி விரலை
அறுத்தது இதே பச்சைதான்.
சனிக்கிழமை விடியலில், தாழங்குப்பத்தில்,
ரீல் சிக்கிக்கொண்டதென்று
கையில் சுற்றி இழுத்திருக்கிறான்.
அந்த முனையில் கொடுவா திரும்பியிருக்கிறது.
பின்னலுக்கு நீளத் தெரியாது.
அங்கே மீன் தலையசைத்தால்
இங்கே எலும்பில் கேட்கும்.
நரம்பாயிருந்தால் ஒரு முழம் இழுபட்டு
கையை உருவிக்கொள்ள நேரம் தந்திருக்கும்.

கைலியில் விரலைப் பொத்திக்கொண்டு
என் ட்யூட்டி நேரம் பார்த்தே கேஷுவல்டிக்கு வந்தான்.
"சிஸ்டர்னு கூப்டவா, பூங்கான்னு கூப்டவா?"
"வாய மூடு."

பயிற்சி டாக்டர் தூக்கம் கலையாமல் வந்தார்.
தட்டில் இரண்டு உறை:
கருப்புப் பட்டு, நீல நைலான்.
பட்டு பின்னல். நைலான் நரம்பு.
ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ்.
கடலில் முடிச்சு வழுக்குவது பின்னலுக்கு.
தோலில் வழுக்குவது நரம்புக்கு,
நாலைந்து தரம் போட்டால்தான் நிற்கும்.
பட்டு சொன்னபடி கேட்கும், சீக்கிரம் முடியும்.
என்ன ஒன்று,
இழைக்கும் இழைக்கும் நடுவே ஈரம் ஏறும்.
ஈரத்தின் பின்னாலேயே சீழ் ஏறும்.
இதுவோ முகத்துவாரத்துத் தண்ணீரில் கிடந்த விரல்.
சாம்பல், டீசல், இறால் தலை
எல்லாம் ஒரு சுற்று அதற்குள் போயிருக்கும்.

"எது சிஸ்டர்?"
நைலான் உறையைக் கிழித்து நீட்டினேன்.

ஆறு தையல்.
நாலாவதில் கேட்டேன், மீன் என்னாச்சு.
"கல்லு சந்துல பூந்துச்சு. அறுத்துக்னு பூட்ச்சு."
சிப்பி ஒட்டிய கல்லில் ஒரு உரசல் போதும்,
எட்டும் வரிசையாக விட்டுக்கொடுக்கும்.
ஆளை அறுத்தது
கல்லிடம் தோற்றுப்போனது.

அப்புறமும் ஏன் பச்சையையே பார்க்கிறாய் என்று
இதிரீஸ் கேட்கவில்லை. மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இரவு இரண்டு மணிக்கு, காற்று விழுந்த பின்,
கிழங்கான் வந்து முதல் கொத்து வைக்கும்.
யாரோ வாசலில் மெதுவாகச்
செருப்பைக் கழற்றுவதுபோல் இருக்கும் அது.
நரம்பில் அது வழியிலேயே கரைந்துவிடும்.
போதாததற்கு நரம்புக்கு ஞாபகம் அதிகம்.
வாங்கி ஒரு மாதம் கழித்து வீசினாலும்
சுருள் சுருளாய்த்தான் இறங்கும்,
இன்னும் இந்தக் கடையில் உருளைமேல் கிடப்பதுபோல.

பின்னல் நூறு, நரம்பு இருபத்தைந்து என்றேன்.
முள்ளுக்கு முன்னால் இரண்டு பாகம் நரம்பு,
கல்லோடு அது பேசிக்கொள்ளட்டும்.

"ரெண்டையும் சேக்குற எடம்தான் அறும்" என்றார்.
"முடிச்சு நான் போட்டுக்கறேன் பாய்."

போன் அடித்தது. கிளாட்சன்.
தையல் எப்போது பிரிப்பாய் என்றான்.
செவ்வாய்க்கிழமை.
"அன்னிக்கு அமாவாசை."
அதனாலென்ன.
"தண்ணி நல்லா ஏறும்ல."
பதில் சொல்லாமல் வைத்தேன்.

சில்லறை இல்லையென்று
பத்து ரூபாய்க்கு இரண்டு முள் தந்தார் இதிரீஸ்.
சீருடைப் பையில் வேண்டாமென்று
காலி சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டேன்.
பஸ் குலுங்கும்போதெல்லாம்
மடியில் கிணுகிணுத்தது.